லிந்துலையில் இரண்டு லிபர்டேரியன்கள்

லிந்துலை பஜாரில் மொத்தம் இரண்டு லிபர்டேரியன்கள் இருந்தார்கள். ஒருவர் பைஸர் ஸ்டோர்ஸ் பைஸர் நானா. மற்றவர் கிளைவ் மாஸ்டர். மூன்றாவதாக ஓர் ஆள் அந்தக் கட்சியில் சேரவே இல்லை. சேர்ந்த இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் ஒத்துக்கொள்ளவும் இல்லை.

பைஸருக்கு அந்த ஞானம் வந்தது கேஸ் வரிசையில். தட்டுப்பாட்டில் நாடே வரிசையில் நின்ற அந்த வருஷம், காலி சிலிண்டரின் மேல் உட்கார்ந்துகொண்டு போனில் வீடியோ பார்த்தார். கண்ணாடி போட்ட ஒருவர், அரசாங்கம் மட்டும் ஒதுங்கிக்கொண்டால் போதும், மனிதர்கள் தங்கள் காரியத்தைத் தாங்களே பார்த்துக்கொள்வார்கள், எவரும் எவரையும் கட்டாயப்படுத்தக் கூடாது, இதற்குப் பெயர்தான் லிபர்டேரியனிசம் என்று பேசினார். சிலிண்டர் வரவில்லை, அடுத்த வீடியோ வந்தது. வரிசைக்குப் போனவர் ஸ்வெட்டரும் கம்பளியும் குடையும் விற்கிற சாதாரணக் கடைக்காரர். சிலிண்டரோடு திரும்பி வந்தவர் லிபர்டேரியன்.

கிளைவ் மாஸ்டர் புத்தகம் படித்து அந்தப் பக்கம் வந்தவர். தோட்டப் பாடசாலையில் வரலாறு படிப்பிக்கிறார். பிறந்தது லயத்து வரிசை வீட்டில். இருந்த காம்பிரா அறை, குளித்த பீலிக் குழாய், பந்தடித்த மைதானம் எல்லாமே தோட்டத்துக்குச் சொந்தம். கூரைத் தகரம் ஒழுகினால்கூட ஆபிஸில் போய் நின்று கேட்டுவிட்டுத்தான் கை வைக்க வேண்டும். “கேக்காம ஒரு ஆணி அடிக்க முடியாத எடத்துல வளந்தவனுக்குத்தான் நானா சுதந்திரம்னா என்னன்னு தெரியும்” என்று அடிக்கடி சொல்வார். பைஸருக்கு அந்த வசனம் மனப்பாடம்.

பள்ளிக்கூடம் விட்டதும் மாஸ்டர் நேரே பைஸரின் கடைக்கு வந்துவிடுவார். பைஸரின் மனைவி முனீரா இரண்டு பேருக்கும் பிளேன்டீ ஊற்றி வைத்துவிட்டு, துணி வெட்டும் மேசைக்குத் திரும்பிப் போவாள். அதற்குப் பிறகு யார் உண்மையான லிபர்டேரியன் என்ற வழக்கு தொடங்கும்.

“மாசாமாசம் அரசாங்கச் சம்பளம் எடுக்கிற ஆளு எப்பிடி மாஸ்டர் லிபர்டேரியன் ஆவாரு?” என்பார் பைஸர்.

“வர்த்தக சங்கத்துக்குச் செயலாளரா இருக்கிற ஆளு மட்டும் ஆவாராக்கும்?”

“சங்கம் யாரையும் கட்டாயப்படுத்தல்லியே. சட்டமா போட்டிருக்கோம்? அது ஒரு வழக்கம். விரும்பினவன் செய்யலாம், விரும்பாதவன் விடலாம்.”

“பழைய ஆளு விட்டா, புதுசா தொறந்தவனோட கடை என்னாகும்? அதையும் சேத்துச் சொல்லுங்க.”

அந்த வழக்கம் என்னவென்றால், பஜாரில் யார் புதுக்கடை திறந்தாலும், அதே வியாபாரம் செய்கிற பழைய கடைக்காரர்தான் முதல் வியாபாரம் செய்ய வேண்டும். உள்ளே போய் ஏதாவது ஒரு சாமானை வாங்கி, எல்லாரும் பார்க்கிற மாதிரி வாசலில் வந்து நிற்க வேண்டும். அவ்வளவுதான். அவர் போகவில்லையென்றால் வேறு ஒருவரும் அந்தக் கடைக்குள் கால் வைக்க மாட்டார்கள். கோபமோ பகையோ கிடையாது. நாளைக்கும் பழைய கடைக்காரர் முகத்தில் விழிக்க வேண்டுமே என்கிற கூச்சம்தான். அந்தக் கூச்சத்திலேயே இழுத்து மூடப்பட்ட கடைகள் பஜாரில் உண்டு.

“சட்டத்துக்காவது வாசல் இருக்கு, போய்க் கதவத் தட்டலாம்” என்பார் மாஸ்டர். “வழக்கத்துக்கு எங்க போய்த் தட்டுறது?”

“நீங்க லிபர்டேரியனே இல்ல மாஸ்டர். நீங்க வேற என்னமோ.”

இப்படியே போய்க்கொண்டிருந்த வழக்கு, ஒரு செவ்வாய்க்கிழமை தடம் மாறியது. அன்றைக்குப் பைஸருக்கு நல்ல உற்சாகம். நடைபாதை வியாபாரிகளைப் பற்றிப் பேச்சு வந்தது. அவர் எழுந்தே நின்றுவிட்டார்.

“ஒருத்தன் கடை போடுறத இன்னொருத்தன் தடுக்க உரிமையே இல்ல. எங்க வேணும்னாலும் போடட்டும். ஏன், என் வாசலுக்கு நேர் எதுக்க வந்து போடட்டுமே! நான் நின்னு கைதட்டுவேன்!”

துணி மேசைப் பக்கம் கத்தரிக்கோல் சத்தம் நின்றது.

“நெசமாவா?” என்றாள் முனீரா.

“நெசமாத்தான். கொள்கைன்னா கொள்கை.”

“அப்ப சரி. எதுக்க சலூன் இருந்த கடைய நானும் டெல்சியும் வாடகைக்கு எடுத்துட்டோம். வார ஞாயித்துக்கிழமை தொறக்கிறோம். இதே சாமான்தான். ஸ்வெட்டர், கம்பளி, குடை, படங்கு எல்லாம்.”

பைஸர் உட்கார்ந்தார். மாஸ்டருக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. பாதிச் சிரிப்பில்தான் டெல்சி என்பது தன்னுடைய மனைவியின் பெயர் என்பது அவருக்கு உறைத்தது. பிளேன்டீ புரையேறிவிட்டது.

காரணம் இல்லாமல் முனீரா இதில் இறங்கவில்லை. தேயிலைக் கொழுந்து எடுக்கிற பெண்கள் ஈரம் படாமல் இடுப்பைச் சுற்றிக் கட்டிக்கொள்வதற்குப் படங்கு என்கிற தார்ப்பாய்த் துணி வாங்க வருவார்கள். பைஸர் கடையில் அது ஒரே அளவு. நெட்டையான பெண்ணுக்கு முழங்காலோடு நிற்கும், குட்டையான பெண்ணுக்குக் காலைத் தடுக்கும். ஆளுக்கு ஏற்ற மாதிரி வெட்டி, ஓரம் தைத்து, போன் வைக்க ஒரு பையும் வைத்துக் கொடுக்கலாம் என்று முனீரா எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்துவிட்டாள். “அதெல்லாம் சரிவராது, யாருக்கு அவ்வளவு நேரம்?” என்று ஒவ்வொரு தடவையும் பைஸர் கையை வீசிவிட்டார். டெல்சியிடம் நல்ல தையல் மெஷின் இருந்தது. இரண்டு பேரும் சேர்ந்து ஒரு முடிவுக்கு வந்துவிட்டார்கள்.

அன்று சாயந்தரமே டெல்சி கடைக்கு வந்தாள். மாஸ்டர் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு கேட்டார்.

“எங்கிட்ட ஒரு வார்த்தை கேக்கல்லியே டெல்சி. நான் ஒனக்கு முழுச் சுதந்திரமும் குடுத்துத்தானே வச்சிருக்கேன்?”

“குடுக்கிறதுக்கு அது ஒங்க அலுமாரியிலயா இருந்திச்சு?” என்றாள் டெல்சி. “கேக்காம ஆணி அடிக்கிறதுதான் சுதந்திரம்னு நீங்கதானே சொல்வீங்க. நாங்க சாமான் அடுக்க ராக்கை மாட்ட நாலஞ்சு ஆணி அடிச்சிருக்கோம். அவ்வளவுதான்.”

முனீரா சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள்.

உலகத்தில் எந்த விஷயத்திலும் ஒத்துப்போகாத இரண்டு லிபர்டேரியன்களும் அடுத்த நாள் காலையில் அதிசயமாக ஒத்துப்போனார்கள். மாஸ்டர் அரை நாள் லீவு போட்டார். பைஸர் கடையை முனீராவிடம் விட்டுவிட்டு, சாமான் எடுக்கப் போவதாகப் பொய் சொன்னார். இரண்டு பேரும் பஸ் ஏறி நகர சபைக்குப் போனார்கள்.

அங்கே மேசையில் இருந்தது சுலக்ஷனா, மாஸ்டரிடம் படித்த பிள்ளை. கண்டதும் எழுந்துவிட்டாள்.

“வாங்க சேர், வாங்க நானா. என்ன விஷயம்?”

பைஸர் தொண்டையைச் செருமினார். “ஒரு பொதுவான சந்தேகம் பிள்ள. ஒரு கடைக்கு நேர் எதுக்க, அதே சாமான் விக்கிற இன்னொரு கடை போடப் போறாங்கன்னு வை. அத நிப்பாட்ட ஏதாவது சட்டம் இருக்கா?”

“யாரு, முனீராக்காவும் டெல்சி மிஸ்ஸும் போடுற கடையா? அவங்க போன கெழமையே வந்து எல்லாம் எழுதிக் குடுத்துட்டாங்களே. சூப்பர் ஐடியா நானா! எங்கம்மாவுக்கும் ஒரு படங்கு சொல்லி வச்சிருக்கேன்.”

“அது இருக்கட்டும். நிப்பாட்டச் சட்டம் இருக்கா?”

“அப்பிடி ஒண்ணும் இல்லியே நானா.”

பைஸருக்கு வந்ததே கோபம். மேசையில் தட்டினார்.

“என்ன அரசாங்கம் இது! இதுக்குன்னு ஒரு சட்டம்கூடவா போட்டு வைக்கல்ல?”

மாஸ்டர் ஜன்னலுக்கு வெளியே எதையோ மிகக் கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தார். சுலக்ஷனா, டீ குடிக்கிறீர்களா என்று கேட்டாள். இரண்டு பேரும் வேண்டாம் என்று சொல்லிவிட்டு அவசரமாக வெளியே வந்தார்கள்.

திரும்பும் பஸ் பாதி வழி வந்துவிட்டது. இரண்டு பக்கமும் தேயிலை மலை வழுக்கிக்கொண்டு போனது. திடீரென்று மாஸ்டரின் தோள் குலுங்க ஆரம்பித்தது.

“அரசாங்கம் சட்டம் போடல்லன்னு அழுத மொத லிபர்டேரியன் ஒலகத்துலயே நீங்கதான் நானா.”

“நீங்க என்ன பண்ணுனீங்க? எனக்குப் பக்கத்துல நின்னு மண்டைய ஆட்டிக்கிட்டுத்தானே இருந்தீங்க?”

பிறகு இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில், முன் சீட்டில் தூங்கிக்கொண்டிருந்தவர் எழுந்து திட்டினார். சிரிப்பு அடங்கினதும் பைஸருக்கு வெட்கமாக இருந்தது. நன்றாகவே வெட்கப்பட்டார்.

ஆனாலும் பிரச்சினை அப்படியே இருந்தது. சனிக்கிழமை சாயந்தரம் முனீரா குசினியில் வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தாள். நாளைக்குக் கடை. ஊரில் எல்லாருக்கும் சொல்லியாகிவிட்டது. கணவனுக்கு மட்டும் இன்னும் வரச் சொல்லி ஒரு வார்த்தை வரவில்லை. பைஸர் கதவோரம் போய் நின்றார்.

“நாளைக்கு நான் வரணுமா வேணாமான்னு நீ கேக்கவே இல்லியே?”

“கேக்க மாட்டேன்.”

“ஏன்?”

“கேட்டா, அது அனுமதி கேக்கிறது. மொத நாளே அனுமதி கேட்டுத் தொறந்தா, பொறகு ஒரு நூல்கண்டு வாங்கவும் ஒங்களக் கேக்கணும்.” கத்தியை வைத்துவிட்டுத் திரும்பினாள். “எனக்கு இந்தக் கட வேணும். ஒங்க கடையில நான் கல்யாணம் முடிச்ச நாள்ல இருந்து நின்னிருக்கேன். ஒரு நாளும் சலிப்பாயிருக்கல்ல. ஆனா என் கைக்குன்னு ஒரு கட வேணும். அது ஒங்க தயவுல நடக்கக் கூடாது.”

“நான் வராட்டி ஆளு வராதே முனீரா.”

“தெரியும்” என்றாள். வெங்காயத்தின் மேல் பழி போட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

பைஸர் இத்தனை காலம் கட்டாயம் என்றால் என்ன என்று மணிக்கணக்கில் பேசியிருக்கிறார். அது தன் சொந்தக் குசினியில் வெங்காயம் வெட்டிக்கொண்டு நிற்கும் என்று நினைத்ததில்லை. போய் முதல் வியாபாரம் செய்தால் அவள் கடை அவர் தயவில் திறந்த கடை. போகாமல் விட்டால் அவர் மூடின கடை. எப்படிப் பார்த்தாலும் அந்தக் கடை அவருடைய சட்டைப் பைக்குள்தான் கிடந்தது.

ஞாயிறு காலையில் மாஸ்டரிடம் அதைச் சொன்னார். மாஸ்டர் தலையைச் சொறிந்தார்.

“இதுக்கு ஒங்க வீடியோவுல ஒண்ணும் சொல்லல்லியா?”

“ஒங்க புத்தகத்துல?”

“இல்ல நானா. எழுதினவங்க யாரும் பொண்டாட்டிக்கு எதுக்க கட வச்சிருக்க மாட்டாங்க போல.”

தேவாலயம் விட்டு ஆட்கள் இறங்கி வருகிற நேரத்துக்குக் கடை திறந்தது. ‘முனீரா டெல்சி’ என்று பச்சைப் பலகை. டெல்சி தேவாலயத்துக்குக் கட்டின சேலையோடு மெஷினில் உட்கார்ந்திருந்தாள். முனீரா கல்லாவில் நின்றாள். சுவர் முழுக்கக் கம்பளியும் ஸ்வெட்டரும் தொங்கின. ஒரு பக்கம் சின்னது, நடுத்தரம், பெரியது என்று படங்குகள் அடுக்கியிருந்தன. வாசலில் நல்ல கூட்டம். தோட்டத்துப் பெண்கள், பஜார்க் கடைக்காரர்கள், சும்மா பார்க்க வந்தவர்கள் எல்லாரும் இருந்தார்கள். ஒருவரும் படி ஏறவில்லை. எல்லார் கண்ணும் எதிர்க்கடை மேல் இருந்தது.

பைஸர் வெளியே வந்தார். பாதையைக் கடந்தார். கூட்டம் மளமளவென்று விலகி வழி விட்டது. முனீரா கல்லாவின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

பைஸர் அந்த வழியில் போகவில்லை. கூட்டத்தைச் சுற்றிக்கொண்டு கடைசிக்குப் போய், கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

“நானா, முன்னுக்குப் போங்க” என்றான் பக்கத்துச் செருப்புக் கடை நிரஞ்சன்.

“நான் கடைசி ஆளு. நீங்க எல்லாரும் வாங்கின பொறகுதான் நான் வாங்குவேன்.”

“நீங்க போனாத்தானே நாங்க போகலாம்?”

“எவன் சொன்னான்?”

“நீங்கதான் நானா சொன்னீங்க. சங்கக் கூட்டத்துல.”

கூட்டத்தில் சிரிப்பு. பைஸருக்குக் காது சிவந்தது.

“அப்ப இப்பவும் நான்தான் சொல்றேன். அந்த வழக்கம் இனி இல்ல. போங்க! எல்லாரும் உள்ள போங்க!”

“கட்டாயப்படுத்தக் கூடாது நானா” என்றது ஒரு குரல் காதோரம். கிளைவ் மாஸ்டர். அவரும் வந்து பைஸருக்குப் பின்னால் நின்றிருந்தார்.

“நீங்க ஏன் எனக்குப் பின்னுக்கு நிக்கிறீங்க? நான்தான் கடைசி.”

“டெல்சியும் பங்குக்காரிதானே. நானும்தான் கடைசியா நிக்கணும்.”

“முன்னுக்குப் போங்க மாஸ்டர்.”

“நீங்க போங்க.”

யார் கடைசி என்று இரண்டு பேரும் ஒருவருக்குப் பின்னால் ஒருவர் நகர்ந்து நகர்ந்து, கூட்டமே ஒரு வரிசையாகி அதன் வால் மீன் கடை வரைக்கும் போய்விட்டது. முன்னால் இருந்தவர்கள் அப்படியே நின்றார்கள். மழை தூற ஆரம்பித்தது. அப்போதும் ஒருவரும் அசையவில்லை. முனீராவின் முகத்தில் இருந்த சிரிப்பு மெல்ல இறங்கிக்கொண்டிருந்தது. அதைத் தூரத்திலிருந்து பைஸர் பார்த்தார். ஓடிப் போய் எதையாவது வாங்கித் தொலைத்துவிடலாமா என்று ஒரு கால் முன்னால் எட்டி வைத்தார்.

அந்த நேரத்தில் வட்டகொடைப் பக்கமிருந்து வந்த பஸ்ஸிலிருந்து ஒரு பெண் இறங்கினாள். பெயர் பிரியந்தி. இந்தப் பஜாருக்கு எப்போதாவது வருகிறவள், ஆள் நல்ல குட்டை. வரிசையைப் பார்த்துப் பதறிப்போனாள்.

“ஐயையோ, இது என்ன வரிசை? மறுபடியும் கேஸுக்கா?”

“இல்ல, படங்குக் கட” என்றார்கள்.

“கடதான் தொறந்து கெடக்கே. பொறகு ஏன் மழையில நிக்கிறீங்க?”

நியாயமான கேள்வி. அவள் பதிலுக்காகக் காத்திருக்கவில்லை. விறுவிறுவென்று படியேறி உள்ளே போனாள். போனவளை டெல்சி எழுந்து நின்று அளந்தாள். கொஞ்ச நேரத்தில் பிரியந்தி புதுப் படங்கை இடுப்பில் கட்டிக்கொண்டு வாசலுக்கு வந்து, ஒரு சுற்றுச் சுற்றினாள்.

“ஏய், பாருங்கடி! காலத் தடுக்கல்ல! போனுக்குப் பையும் இருக்கு!”

அவ்வளவுதான். தோட்டத்துப் பெண்கள் எல்லாரும் ஒன்றாகப் படியேறினார்கள். அவர்களுக்குப் பின்னால் நிரஞ்சன் ஏறினான். வரிசை என்று ஒன்று இருந்த அடையாளமே இல்லாமல் போயிற்று. உள்ளே ஒரே சத்தம், சிரிப்பு, “எனக்கு”, “எனக்கு” என்ற கூச்சல். டெல்சியின் மெஷின் நிற்கவே இல்லை. வெளியே மழையில் இரண்டே பேர் மிஞ்சினார்கள்.

“முடிவாயிருச்சு நானா” என்றார் மாஸ்டர், நனைந்த கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே. “லிந்துலையில உண்மையான லிபர்டேரியன் ஒருத்தர்தான். பஸ்ல வந்தாங்க.”

“அந்தப் புள்ளைக்கு அந்த வார்த்தையே தெரியாதே மாஸ்டர்.”

“தெரிஞ்ச நாம ரெண்டு பேரும் மழையிலதானே நிக்கிறோம்?”

கூட்டம் கலைந்த பிறகு பைஸர் படியேறினார். தலையிலிருந்து தண்ணீர் சொட்டியது. சுவரில் பாதி காலி. முனீராவின் முக்காடு சரிந்திருந்தது, கன்னம் இரண்டும் சிவந்திருந்தன. இவ்வளவு அழகாக அவளைப் பார்த்து எவ்வளவு நாளாயிற்று என்று நினைத்தார். ஆனால் சாமான் வாங்க வந்தவர்போலக் கேட்டார்.

“ஒரு குடை வேணும்.”

“குடை முடிஞ்சிபோச்சே” என்றாள் முனீரா. “எதுக்க ஒரு கட இருக்கு, அங்க கேட்டுப் பாருங்க. நல்ல குடையா வச்சிருப்பாரு. ஆனா ஒரே அளவுதான்.”

டெல்சி மெஷின் மேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டு சிரித்தாள்.

“வேற என்ன இருக்கு?”

“பெரிய அளவு படங்கு ஒண்ணு இருக்கு. அதுக்கு முன்னால ஒங்க கடன் ஒண்ணு பாக்கி கெடக்கு.”

“என்ன கடன்?”

“எதுக்க கட போட்டா நின்னு கைதட்டுவேன்னு சொன்னீங்களே.”

பைஸர் ஈரக் கையோடு தட்டினார். முதலில் மெதுவாக, கூச்சத்தோடு. பிறகு பலமாக. வாசலில் நின்ற மாஸ்டரும் சேர்ந்துகொண்டார். ஏன் என்று தெரியாமல் மீன் கடைக்காரரும் தட்டினார். முனீராவின் கண் மறுபடியும் நிறைந்தது. இந்தத் தடவை பழி போட வெங்காயம் இல்லை, அவளும் மறைக்கவில்லை. பைஸருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. தன் கடைக்குப் போட்டியாக ஒரு கடை வந்ததற்கு இவ்வளவு சந்தோஷப்பட்ட வியாபாரியை அந்தப் பஜார் அதற்கு முன் பார்த்ததில்லை.

எதிர்ப்பக்கமிருந்து யாரோ கூப்பிட்டார்கள். “கடையில ஆளில்லியா? நானா!”

“போங்க, ஆளு நிக்குது” என்று முனீரா படங்கை அவர் இடுப்பில் கட்டி முடிச்சுப் போட்டுவிட்டாள். “எனக்கும் வியாபாரத்தப் பாக்கணும்.”

பைஸர் படங்கோடு பாதையைக் கடந்தார். மழை பலத்துவிட்டது. முழங்காலுக்குக் கீழே புதிதாக ஒரு சொட்டு ஈரம் படவில்லை.